பட்டு வேகும் நேரம்

காஞ்சிபுரத்தில் 'பட்டு நர்சம்மா' என்று பெயர் வாங்கிய பூவம்மாள், வாழ்நாளில் பட்டு உடுத்தியது ஒரே ஒரு நாள். அதுவும் முழு நாள் இல்லை, ஒரு பிற்பகல். அதுவும் சொட்டச் சொட்ட ஈரமான பட்டு. பெயர் மட்டும் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒட்டிக்கொண்டது. விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள், தறி வைத்திருக்கிற பெரிய வீட்டுப் பெண்ணாக்கும், பகட்டுக்காரியாக்கும் என்று எண்ணிக்கொண்டு தர்ம ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். முரட்டு வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டை குட்டையாக, முகத்தில் சிரிப்பு என்ற வஸ்துவே இல்லாமல் ஒரு பெண்பிள்ளை நிற்பதைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். அவள் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. "கையக் கழுவிக்கினு உள்ள வா" என்பாள். அவள் ஆயுளில் பேசிய பேச்சில் பாதி அந்த ஒரு வாக்கியம்தான்.

அவள் பிறந்தது தாமலில். அப்பன் முனுசாமி ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி பயிர் வைத்தவர். ஒரு நாள் மடை வெட்டும்போது மண்வெட்டி காலில் இறங்கிவிட்டது. சின்னக் காயம்தான். கையில் அகப்பட்ட அழுக்குத் துணியைக் கிழித்துக் கட்டினார்கள். பத்தாம் நாள் கால் கறுத்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மாள் முழங்காலுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டு, "காயம் இவர் காலை வாங்கவில்லை, துணி வாங்கியது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அந்தத் துணியைக் கட்டியவள் பூவம்மாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. புருஷன் காலராவில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பனை வீட்டில் கொண்டுவந்து விட்டவள், திரும்பி அதே ஆஸ்பத்திரிக்குப் போய், வேலை கற்றுக்கொடுங்கள் என்று நின்றாள்.

அங்கே அவள் என்னென்னவோ கற்றாள். ஆனால் மனசில் வேரோடியது ஒன்றுதான்: எதையும் வேகவைக்க வேண்டும். ஊசி, கத்தி, கத்தரி, நூல், துணி, கிண்ணம், எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்து எழுந்து வந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாகப் பின்கட்டில் ஒரு பெரிய அண்டாவை அடுப்பேற்றினாள். அந்த அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை. வெற்றிலை பாக்கைத் தவிர மற்றதெல்லாம் வெந்துவிட்டது என்று கம்பவுண்டர் வீரபத்திரன் சொல்வான்.

சின்னக் காஞ்சிபுரமும் சுத்தத்துக்குப் பேர் போன ஊர்தான். ஆனால் அது வேறு சுத்தம். அங்கே மடி என்றால், குளித்து, தனியாக உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு, பிறத்தியார் நிழல்கூட மேலே படாமல் நடப்பது. குளத்துத் தண்ணீர் பச்சையாக இருக்கலாம், அதில் பாசி மிதக்கலாம், மடி கெடாது. பூவம்மாள் நின்ற இடத்தில் நின்றால் கெட்டுவிடும். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. மருந்துத் தண்ணீரில் கையை முக்கி எடுத்துவிட்டாளானால், கலெக்டர் துரையே வந்து எதிரே நின்றாலும், "தள்ளி நில்லு சாமி, மேல படாத" என்று சொல்லக்கூடியவள். இரண்டு மடிக்காரர்களும் ஒரே ஊரில் எட்டு வருஷம் மோதிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாததும், இவள் கோயிலுக்குப் போகாததும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த ஏற்பாடு குலைந்தது. பம்பாய்க் காய்ச்சல் ரயிலேறி வந்து ஊரைப் படுக்கவைத்தது. காலையில் தறியில் உட்கார்ந்தவன் மத்தியானம் பாவின் மேலேயே தலைசாய்ந்தான். பன்னிரண்டு கட்டில் உள்ள ஆஸ்பத்திரியில் நாற்பது பேர் கிடந்தார்கள். டாக்டர் ராஜகோபாலும் காய்ச்சலில் விழுந்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் படுத்தபடியே சீட்டு எழுதி அனுப்பி வைத்தியம் பார்த்தார். மிச்சம் நின்றது மூக்கில் துணி கட்டிய பூவம்மாளும், அதே மாதிரி கட்டிய வீரபத்திரனும்தான். கட்டுத்துணி கேட்டு மூன்று மாதமாக மேலே எழுதிக்கொண்டிருந்தார்கள். சீமையில் சண்டை நடப்பதால் துணியைச் சிக்கனமாக உபயோகிக்கவும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் மட்டும் நல்ல கெட்டிக் காகிதத்தில் நாலு நகலாக வந்தது. அதையே வேகவைத்துக் கட்டலாமா என்று வீரபத்திரன் கேட்டான்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? 'ஜுர நிவாரண உற்சவக் கமிட்டி' என்று ஒன்றைக் கூட்டினார்கள். பெருமாளைப் பெரிய வாகனத்தில் எழுந்தருளப்பண்ணி வீதி சுற்றி வந்தால் காய்ச்சல் ஊரை விட்டுப் போய்விடும் என்று தீர்மானம் ஆயிற்று. கமிட்டிக்குக் காரியதரிசி சக்கரவர்த்தி ஐயங்கார். தாலுகா கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் அவர் அங்கத்தினர். அந்த வாகனத்தைத் தூக்க முப்பத்திரண்டு ஆள் வேண்டும். காய்ச்சலில் விழாமல் எழுந்து நின்றவர்கள் பதினேழு பேர். அவர்களிலும் நாலு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். இதைச் சொன்னபோது ஐயங்கார், முப்பத்திரண்டு பேருடைய பக்தியைப் பதினேழு பேர் காட்டினால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் தோளில் இல்லை.

மூன்றாவது தெரு முனையில் இருமிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மயங்கி விழுந்தான். வாகனத்தைத் தாங்கிய தண்டு சரிந்தது. முன்னால் நின்று பின்பக்கமாகவே நடந்துகொண்டு, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டி வந்த ஐயங்காரின் காலில் அது இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒடித்துத் தோலுக்கு வெளியே தள்ளியது. மாகறலைச் சேர்ந்த முருகேசன் என்ற வாட்டசாட்டமான ஆள், பெருமாள் தரையைத் தொட்டுவிடக் கூடாதென்று தண்டுக்கு அடியில் தன்னைக் கொடுத்தான். தண்டின் நுனியில் இருந்த இரும்புப் பூண் அவன் தொடையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பெருமாள் தரையில் படவில்லை. கமிட்டியார் அதற்காகச் சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஐயங்கார் கயிற்றுக் கட்டிலில் வந்தார். முருகேசன் ஒரு கதவுப் பலகையில் வந்தான். காயத்துக்குக் கட்டுப் போடுகிற முன்னறையில் இருந்த ஒரே மேஜையில் ஐயங்காரைப் படுக்கவைத்தார்கள். முருகேசனுக்கு உள்ளே இடமில்லை. பின்கட்டில் அண்டா அடுப்புக்குப் பக்கத்தில் பலகையோடு இறக்கினார்கள்.

பூவம்மாள் முதலில் பின்கட்டுக்குத்தான் ஓடினாள். ரத்தம் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. தொடைக்கு மேலே துணியைச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாள். ரத்தம் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். முறுக்கை அவிழ்த்தால் ஆள் போய்விடுவான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவிழ்க்காமல் விட்டால் கால் போய்விடும். அதற்குள் அறுந்த ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டி, சதையைத் தைத்து, வெந்த துணியால் கட்டியாக வேண்டும். ஒற்றைக் காலோடு இரண்டு வருஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்து செத்த அப்பனின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்தக் காலை விடக் கூடாது.

அந்தச் சமயத்தில் டாக்டரின் சீட்டு வந்தது. 'இருவரையும் கவனிக்கவும். காரியதரிசி அவர்களை முதலில் கவனிக்கவும்.' காய்ச்சல் நூற்று நாலு டிகிரி இருந்தபோதும் டாக்டருக்கு எதை எங்கே அடிக்கோடிட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அவள் முன்னறைக்குப் போய்ச் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜையை நெருங்கினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஐயங்கார் கண்ணைத் திறந்தார்.

"நில்லும்மா! ஸ்வாமி புறப்பாட்டுலேர்ந்து நேரே வந்திருக்கேன். மடியா இருக்கேன். நீ தொடப்படாது."

"எலும்பு வெளிய வந்துக்குது சாமி. தொடாம எப்படிக் கட்டறது?"

"அதுக்கு வழி இல்லாமலா? பட்டு உடுத்திண்டு தொட்டா தோஷமில்லை. குளிச்சுட்டுப் பட்டுப் புடவை கட்டிண்டு வா."

"எங்கிட்ட ஏது சாமி பட்டு?"

காஞ்சிபுரத்தில் எட்டு வருஷம் இருந்துகொண்டு பட்டு இல்லை என்று ஒருத்தி சொல்கிறாளே என்று, கூட வந்திருந்த உற்சவக் கமிட்டித் தலைவர் பராங்குசம் வாயில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஐயங்காரின் அகத்துக்கு ஆள் ஓடியது. அதுவரை பூவம்மாள் கிணற்றடியில் குளித்துவிட்டு, யாரையும் தொடாமல், எதையும் தொடாமல், தாழ்வாரத்து மூலையில் நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. குறிப்பாகப் பின்கட்டில் கிடப்பவனைத் தொடக் கூடாது. தொட்டால் மறுபடியும் முதலிலிருந்து குளிக்க வேண்டும். அவள் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு வந்து மூலையில் நின்றாள். கடிகாரம் கால் மணியைத் தின்றது. நாற்பது பேர் முனகிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், வேலை தெரிந்த ஒரே கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சலில் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைத் துடைத்துக்கொள்ள வேண்டுமானால்கூட எதையாவது தொட வேண்டும்.

புடவையை ஐயங்காரின் மனைவி ஹேமாம்புஜமே கொண்டுவந்தாள். பிறத்தியார் கையில் கொடுத்தால் மடி போய்விடும் என்பதால் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தாள். ஒன்பது கஜம் அரக்குப் பட்டு, கையகலச் சரிகை. அவளுடைய கல்யாணத்துக் கூறைப் புடவை.

"சீக்கிரம் கட்டிண்டு வா" என்றார் பராங்குசம்.

பூவம்மாள் புடவையைப் பார்த்தாள். அதன் மடிப்பிலிருந்து ஒரு பாச்சை ஓடியது. எத்தனையோ வருஷம் பெட்டியில் கிடந்த புடவை. அதைக் கட்டிக்கொண்டு, வெளியே நீட்டி நிற்கிற எலும்பைத் தொடுவதா? ஒரு கணம் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுத்த கணம் அவள் பார்வை கடிகாரத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பின்கட்டு அடுப்புக்குப் போயிற்று.

"கட்டிக்கறேன் சாமி" என்றாள், ரொம்பப் பணிவாக. "ஆனா உங்களுக்கு ஒரு மடி இருக்குதுல்ல, அத மாதிரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மடி இருக்குது. வேக வைக்காத துணி காயத்துக்குப் பக்கத்துல வரப்படாது. வந்தா சாமி காலு போயிடும். எங்கப்பனுக்குப் போச்சு. வேக வச்சுக் கட்டிக்கினு வரேன்."

ஐயங்கார் யோசித்தார். சட்டம் என்று ஒன்றை யாராவது சொல்லிவிட்டால் அவரால் மறுக்க முடியாது. முப்பது வருஷக் கச்சேரி உத்தியோகம் அப்படிச் செய்துவிட்டிருந்தது. மேலும் கால் போய்விடும் என்ற வார்த்தை அவருக்கு நன்றாகக் கேட்டது.

"எத்தனை நாழி ஆகும்?"

"வெந்ததும் வந்துடறேன் சாமி. பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும்."

பின்கட்டில் வீரபத்திரன் அவள் கையிலிருந்ததைப் பார்த்து அலறிவிட்டான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்தவன் அவன். "அம்மோ! வேணாம்க்கா! நூலத்தான் வேகவைப்பாங்க, சாயம் போட்ட பொடவைய யாராச்சும் வேகவைப்பாங்களா? இது அரக்குச் சாயம், எல்லாம் கரைஞ்சுடும்!"

"கரையட்டும். நீ ஊசிய எடு" என்று சொல்லிப் புடவையை அண்டாவுக்குள் தள்ளினாள். கையை மருந்துத் தண்ணீரில் முக்கினாள். முருகேசன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"யம்மா, காலு இருக்குதாம்மா?"

"இருக்குது. நீ அசையாத இருந்தா இன்னமும் இருக்கும்."

புடவையின் பின்னாலேயே ஹேமாம்புஜமும் வந்துவிட்டிருந்தாள். தன் கூறைப் புடவை போகிற இடத்தைப் பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கும்? அவள் அண்டாவைப் பார்த்தாள். தண்ணீர் ஆலத்தி கரைத்த மாதிரி சிவந்துகொண்டு வந்தது. பிறகு பலகையைப் பார்த்தாள். அங்கேயும் அதே நிறம். பூவம்மாள் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பீறிட்ட இடத்தைச் சாமணத்தால் பிடித்து, வெந்த வெள்ளைப் பட்டு நூலால் கட்டினாள். ஊரில் எது இல்லாவிட்டாலும் பட்டு நூல் உண்டு. வீரபத்திரன் வீட்டிலிருந்து வந்தது. முருகேசன் வாயில் வைத்த துணியைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி ஊளையிட்டான். ஹேமாம்புஜம் சுவரைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

இருபது நிமிஷம் ஆயிற்று. முன்னறையிலிருந்து ஐயங்காரின் குரல் கேட்டது. "ஆச்சா?"

பூவம்மாள் நிமிரவில்லை. பாதித் தொடை இன்னும் திறந்து கிடந்தது. 

"ஏன்னா, இன்னும் வேகலை!" என்று ஹேமாம்புஜம் கத்தினாள்.

பூவம்மாள் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தாள். ஹேமாம்புஜம் அவளைப் பார்க்கவில்லை. ஒரு விறகை எடுத்து அடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே வெந்துவிட்ட புடவைக்கு.

"ஆச்சா?" என்று இன்னொரு தரம் கேட்டது.

"கெட்டிப் பட்டுன்னா! காஞ்சிபுரத்துப் பட்டோன்னோ, லேசிலே வேகுமா?"

நாற்பது நிமிஷத்தில் கடைசித் தையல் விழுந்தது. வெந்து தயாராக இருந்த கட்டுத்துணி ஒரே ஒரு சுருள். அதைப் பூவம்மாள் முழுசாக முருகேசனின் தொடைக்குச் சுற்றிவிட்டாள். முறுக்கை எடுத்துப் பத்து நிமிஷம் பாதத்தைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் சூடு வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தாள். கிணற்றடிக்குப் போய் மறுபடியும் குளித்தாள். அண்டாவிலிருந்து கழியால் புடவையை எடுத்தாள். அரக்கு நிறம் போய், வெந்த வெங்காயத் தோல் மாதிரி ஒரு நிறத்தில், சுருங்கி, சரிகை முறுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பிழிந்து, தெரிந்த மாதிரி உடம்பில் சுற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட முன்னறைக்குப் போனாள். வார்டில் காய்ச்சலில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பெயர் அன்றைக்குப் பிறந்ததுதான்.

ஐயங்கார் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எலும்பை உள்ளே தள்ளி நேராக்கி, இரண்டு பக்கமும் பட்டையான மூங்கில் வைத்தாள். கட்டுவதற்குத் துணி? வெந்த துணி ஆஸ்பத்திரியிலேயே ஒன்றுதான் மிச்சம். அது அவள் மேலே இருந்தது. முந்தானையை நீளநீளமாகக் கிழித்தாள். 'சர்'ரென்ற சத்தத்தைக் கேட்டுப் பராங்குசம் பதறிவிட்டார். ஆனால் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. பட்டு; மடி; சொந்த மனைவியின் கூறைப் புடவை. இந்த ஜில்லாவில் அதைவிட ஆசாரமான கட்டு யாருக்கும் போட்டதில்லை.

காய்ச்சல் கார்த்திகையில் தணிந்தது. உற்சவத்தால்தான் தணிந்தது என்று கமிட்டி துண்டுப் பிரசுரம் போட்டது. கூடவே, அதே பெரிய மனிதர்கள் இருந்த ஆஸ்பத்திரிக் கமிட்டி நர்ஸ் மீது ஒரு விசாரணையும் போட்டது. குற்றச்சாட்டு இரண்டு: விலையுயர்ந்த புடவையைக் கெடுத்தது, டாக்டர் உத்தரவை மீறிக் காரியதரிசியை இரண்டாவதாகக் கவனித்தது. பதினேழு பேர் தோளில் முப்பத்திரண்டு பேர் பாரம் எப்படி ஏறியது என்பதை விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. வேலை போனால் பூவம்மாளுக்குத் தாமலில் திரும்பிப் போக ஒரு வீடுகூட இல்லை. "தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லிடும்மா" என்று, எலும்பும் தோலுமாக எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த டாக்டர் காதோடு சொல்லிவைத்தார்.

மூன்று பெரிய மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கட்டு அவிழ்த்த காலை முக்காலியில் நீட்டியபடி ஐயங்காரும் உட்கார்ந்தார். சாட்சிக்கு வரவழைத்திருந்த முருகேசன் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படியில் நின்றான். இரண்டு காலிலும் நின்றான்.

"ஒரு பட்டுப் புடவை வேக எத்தனை நேரம் ஆகும்?" என்று பராங்குசம் கேட்டார். "வீரபத்திரன் இருபது நிமிஷம்ங்கறான். நீ வந்தது ஒரு மணி நேரம் கழிச்சு. தெரியாமத்தானே விட்டே?"

தப்பிக்க வழியை அவரே திறந்துவிட்டிருந்தார். பூவம்மாள் வாசற்படியைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் சாமி. பட்டு வேக, ஒரு தொடை தைக்கிற நேரம் ஆவும்."

 பராங்குசம் முன்னால் சாய்ந்தார். "நாங்க கேட்டப்பவெல்லாம் இன்னும் வேகலைன்னு பின்கட்டிலேர்ந்து பொய் சொன்னது யார்? நீதானே?"

பூவம்மாள் வாயைத் திறக்கவில்லை. நானில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் குற்றம் போய்விடும். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐயங்கார் அந்தக் குரலை நன்றாகக் கேட்டவர். முப்பது வருஷமாக அகத்தில் கேட்கிற குரல். அவர் முருகேசனின் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கடைசியில் பூவம்மாளின் மூடிய வாயைப் பார்த்தார். 

"அவ இருபது நிமிஷத்துலே வந்துட்டான்னு எழுதிக்கோங்கோ" என்றார் குமாஸ்தாவிடம். "நேக்கு நாழியே தெரியலை. மேலே கேள்வி ஒண்ணும் வேண்டாம்."

குமாஸ்தா எழுதினான். முருகேசன் தடியை ஊன்றிப் படியிறங்கி மாகறலுக்கு நடந்தான். பூவம்மாள் பின்கட்டுக்குப் போய் அடுப்பில் ஒரு விறகைச் சொருகினாள்.